படித்துறை ஓரத்து டிரங்குப் பெட்டி

காலை பத்து மணிக்கு ஓடீல் அம்மையார் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, மேஜைமேல் இருந்த பலகைக் கூடு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே வைக்கோல் இருந்தது. ஓவியம் இல்லை.

அம்மையார் ஆன்ட்வெர்ப் ஊர்க்காரர். வைர வியாபாரியின் விதவை. ஆண்டு தவறாமல் நவம்பரில் வெனிஸுக்கு வந்து, பால்தஸாரே ஒரியானியின் மாளிகையில் முதல் மாடி முழுவதையும் வாடகைக்கு எடுத்து, பகலில் ஓவியமும் மாலையில் இசைநாடகமுமாக மூன்று வாரம் ராணிபோல இருந்துவிட்டுப் போவார். இந்த ஆண்டு மாளிகையின் சொந்த ஓவியம் ஒன்றையே விலைக்கு வாங்கிவிட்டார். வண்ணச் சாக்குக் கட்டியால் வரைந்த சின்னப் படம். நீல உடுப்புப் போட்ட ஒரு பெண். இருநூறு வருஷத்துப் பழசு.

பத்தரைக்கு ஆய்வாளர் எல்விரா புசெட்டோ வந்தாள். காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நவம்பரில் இந்த ஊரில் கல்யாணத்துக்கே அப்படித்தான் போக வேண்டியிருக்கிறது, திருட்டுக்குக் கேட்பானேன். விடியுமுன் ஊர்ச் சங்கு ஊதியிருந்தது. கடல் ஏறி வருகிறது, கீழ்த்தளத்துச் சாமான்களைத் தூக்கி வையுங்கள் என்று அர்த்தம். ஏழு மணி சுமாருக்கு ஏறிய தண்ணீர் ஒன்பதரைக்கெல்லாம் இறங்கிவிட்டது. தெருவில் ஆளாளுக்குத் துடைப்பமும் கையுமாகச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

எல்விரா கூடத்தின் நடுவில் நின்று பார்த்தாள். பார்த்தாள் என்பது பெரிய வார்த்தை. ஏப்ரலில் அவள் கணவன் ரெனாத்தோ சாப்பாட்டு மேஜையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அன்றையிலிருந்து அவள் எல்லாவற்றையும் செய்கிறாள். எதுவும் அவளுக்குள் இறங்குவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உடம்பு முழுக்க இருந்தது.

கூடத்துக்கு இரண்டு வாசல்கள். ஒரு கோடியில் தெருக்கதவு. மறு கோடியில் கால்வாய்க்கு இறங்கும் படித்துறைக் கதவு. உள்ளே தாழ் போட்டபடி இருந்தது. அதை ஒட்டித் தரையில் அம்மையாரின் தோல் டிரங்குப் பெட்டி, சரக்குப் படகுக்காகக் காத்திருந்தது. நடுவில் மேஜை, மேல் பலகைக் கூடு. மாடிப்படிக்கு அடியில் மூலையில் ஒரு மரப் பெஞ்சு. அதன்மேல் சுருட்டிய கம்பளமும், மேஜை விரிப்புகள் நிறைந்த ஒரு பெட்டியும். பெஞ்சின் கால்களில் கணுக்கால் உயரத்துக்கு ஈரக்கோடு.

“கதவை உடைக்கல மேடம்,” என்றான் அவளுடைய உதவியாளன் கொர்ராதோ. “சாவி போட்டுத் திறந்திருக்காங்க. சாவி நாலு பேர்கிட்ட. வீட்டுக்காரர் ஒரியானி, இந்தம்மா, இவங்களுக்கு ஓவியம் காட்டுற வழிகாட்டி எர்மீனியோ, வேலைக்காரப் பொண்ணு திரிதா. வீட்டுக்காரர் நேத்து மத்தியானமே திரெவீசோவுல மக வீட்டுக்குப் போயிட்டார். இந்தம்மா பத்து மணிக்கு அங்க போன் போட்டாங்க, அவரே எடுத்தார். வந்துகிட்டிருக்கார்.”

“அந்தப் பெட்டிக்குள்ள பாத்தியா?”

கொர்ராதோ டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளைத் துழாவினான். பிறகு அதையே சாய்த்துத் தூக்கி அடியிலும் பார்த்தான். அடியில் காய்ந்த தூசிதான் இருந்தது. “பட்டுப் பாவாடையும் செண்டும்தான் மேடம். ஓவியம் இல்ல.”

மேல்மாடியில் திரிதாவின் அறையில் ஒன்று கிடைத்தது. தலையணைக்கு அடியில் மடித்து வைத்த வெள்ளிநிற மெல்லிய காகிதம், ஏழெட்டுத் தாள். ஓவியத்தைச் சுற்றியிருந்த அதே காகிதம்.

திரிதா அல்பேனியாக்காரி. ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கிய வருஷம், கைக்குழந்தையோடு படகேறி வந்தவள். வெனிஸுக்கு வந்து, இந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்.

“இந்தப் பேப்பர் ஏது?”

“எர்மீனியோ சார் குடுத்தாரு. நேத்து சாயங்காலம் கட்டும்போது மிச்சம் விழுந்தது. என் பொண்ணு பொம்மை சுத்துவா.”

“காலைல எத்தனை மணிக்குக் கீழ வந்தே?”

“ஏழு மணிக்குப் படி வரைக்கும் வந்தேன். கீழ தண்ணி. இருட்டு வேற. பயந்து திரும்பிட்டேன்.”

“சங்கு கேட்டுச்சா?”

திரிதா தலையைக் குனிந்துகொண்டாள். “கேட்டுச்சு. சண்டை வந்திடுச்சுன்னு நெனச்சு கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டேன். இங்க தண்ணிக்குச் சங்கு ஊதுவாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல.”

எர்மீனியோவைக் கேட்டார்கள். பொலோஞாக்காரன், கழுத்தில் பட்டுத் துணி, நாக்கில் வெண்ணெய். “பேப்பரா? நான் எதுவும் கொடுத்த ஞாபகம் இல்லையே மேடம்,” என்றான் கூரையைப் பார்த்து.

திரிதா அழத் தொடங்கினாள். அவளை வெளியேற்றிவிட்டால் மகளையும் சேர்த்துத்தான் கப்பலேற்றுவார்கள். எந்த ஊரைவிட்டுத் தப்பி வந்தாளோ அதே ஊருக்கு. அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எல்விராவுக்கு அது புரிந்தது. ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோபோலக் கேட்டது.

பதினொன்றரைக்கு மேலதிகாரி போன் செய்தார்.

“அல்பேனியப் பொண்ணு, கையில சாவி, தலையணைக்கு அடியில பேப்பர். இன்னும் என்னம்மா வேணும் உனக்கு? ஓவியமே நேர்ல வந்து சாட்சி சொல்லணுமா?”

“ஓவியம் எங்கன்னு தெரியணும் சார்.”

“அவ கூட்டாளி எவனாவது எடுத்துட்டுப் போயிருப்பான். சாயங்காலத்துக்குள்ள ஃபைலை மூடு. நாளைக்கு அவளை ஏத்தி அனுப்பிடலாம். அந்தம்மா பத்திரிகைக்குப் போனா என் தலைதான் உருளும்.”

எல்விரா சரி என்றாள். எல்லாவற்றுக்கும் அவள் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். திரிதாவை நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

பன்னிரண்டு மணிக்கு பால்தஸாரே ஒரியானி ரயில் நிலையத்திலிருந்து வந்து சேர்ந்தார். எழுபது வயது. நல்ல கம்பளிக் கோட்டு, ஓரங்களில் நைந்தது. வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டு எல்விராவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். ரெனாத்தோவின் சவ அடக்கத்துக்கு வந்து கடைசி வரை நின்றவர் அவர்.

“எல்விரா, என் நீலக்காரியைக் கொண்டுபோயிட்டாங்களே அம்மா! போய்ச் சேர்ந்த என் மனைவி ஜினெவ்ராவோட கொள்ளுப்பாட்டிக்குப் பாட்டி அவ. ஜினெவ்ராவுக்கு அச்சு அசலா அதே மோவாய். கூரை ஒழுகுதுன்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டு வித்தேன். வித்தாலும் ஒரு இடத்துல இருக்கான்னு நிம்மதி. இப்ப எங்க கிடக்காளோ. ஈரம் பட்டா போச்சு, மூஞ்சியே கரைஞ்சிடும்.”

மேஜைப் பக்கம் போய் வெறும் வைக்கோலைத் தடவினார். கண் கலங்கியது. அம்மையார் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். “எனக்குக் காப்பீட்டுப் பணம் வந்துவிடும். உங்களுக்குத்தான் நஷ்டம்,” என்றார்.

“அந்தப் பொண்ணா இப்படிச் செஞ்சா? நம்பி வெச்சேனே,” என்றார் பால்தஸாரே. அவ்வளவுதான் கேட்டார்.

மதியம் ஒன்றரைக்கு எல்விராவும் கொர்ராதோவும் பாலத்தடிக் கடையில் நின்றபடியே சாப்பிட்டார்கள். கருவாட்டு மசியல் தடவிய ரொட்டி, ஆளுக்கு ஒரு கோப்பை வெள்ளை வைன். உள்ளே வருகிற ஒவ்வொருவனும் கோட்டைக் கழற்றும் முன்னே ஒரே கேள்வியைத்தான் கேட்டான்.

“உங்க வீட்ல எவ்வளவு?”

“ரெண்டாவது படி. உங்க வீட்ல?”

“ஃபிரிட்ஜ் மோட்டார் போச்சு. என் மாமியாரைத் தூக்கி வைக்கறதா ஃபிரிட்ஜைத் தூக்கறதான்னு யோசிக்கறதுக்குள்ள வந்திடுச்சு.”

“மாமியார் மிதந்தாங்களா?”

“மிதக்கற ஜாதியா அது? சீர்வரிசை பீரோ மாதிரி அசையாம உக்காந்திருந்தாங்க!”

கடையே சிரித்தது. கடைக்காரி எல்விராவிடமும் கேட்டாள். “உங்க வீட்ல எவ்வளவு வந்துச்சும்மா?”

“நான் மூணாவது மாடி,” என்ற எல்விரா, ரொட்டியைக் கடிக்காமலே நின்றாள். வெனிஸ்காரன் சாகக் கிடந்தாலும், தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவான். மூன்று நூற்றாண்டாகக் குடியிருக்கிற வீட்டில் கடல் புகுந்திருக்கிறது. ராத்திரி ஊரில் இல்லாத மனிதர் உள்ளே நுழைந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கத்தில் மறந்திருக்கலாம். அவளுக்கே எத்தனையோ மறந்துபோகிறதே. அந்த எண்ணத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்கு வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க மாளிகைக்குத் திரும்பினார்கள். ஓடீல் அம்மையார் காலையிலிருந்து அடக்கிவைத்த கோபத்தை இப்போது அவிழ்த்தார்.

“ஒன்று கேட்கிறேன். இந்த வீட்டில் விருந்தாளிக்கு இதுதான் மரியாதையா? அந்தப் பழைய கம்பளத்தைப் பார்த்துப் பார்த்துத் தூக்கி வைத்திருக்கிறார்கள். எலி கடித்த விரிப்புகளுக்குக்கூடப் பெஞ்சு. என் டிரங்குப் பெட்டி மட்டும் தரையில். அதுவும் கால்வாய்க் கதவுக்குப் பக்கத்திலேயே!”

கொர்ராதோ சமாதானம் சொன்னான். “அது வழக்கம்மா. சங்கு ஊதினா இங்க எல்லாரும் சாமானைத் தூக்கி வெச்சிடுவாங்க.”

“யார்?”

“எல்லாரும்தான்.”

“யார் என்று கேட்கிறேன். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.”

எல்விரா மெதுவாகத் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். காலையிலிருந்து ஐந்து போலீஸ்காரர்கள் அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறார்கள். ஐவருமே இந்த ஊரில் பிறந்தவர்கள். கடல் வந்துபோன வீட்டில் பெஞ்சுமேல் கம்பளம் இருப்பது, அடுப்புமேல் சட்டி இருப்பது மாதிரி. யார் கண்ணிலும் உறைக்கவில்லை. அவள் கண்ணிலும்தான்.

“நேத்து சாயங்காலம் அந்தக் கம்பளம் எங்க இருந்துச்சு?”

“மூலையில், தரையில்,” என்றார் அம்மையார். “என் கால் தடுக்கியது.”

எல்விரா மூலைக்குப் போய்க் கம்பளத்தை அழுத்திப் பார்த்தாள். சொட்டு ஈரம் இல்லை. பிறகு படித்துறைக் கதவருகே போய்க் குந்தி, தரையில் உள்ளங்கையை வைத்தாள். அங்கே சேறு இல்லை. காய்ந்த தூசி.

“கொர்ராதோ, எல்லாரையும் கூப்பிடு. ஒரு வாளித் தண்ணியும் கொண்டா.”

நான்கு மணிக்குக் கூடத்தில் அம்மையார், எர்மீனியோ, பால்தஸாரே மூவரும் நின்றார்கள். எல்விராவின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. ரயில் நேரம் சொல்கிறவள்போலப் பேசினாள்.

“எல்லாருக்கும் ஒரே கேள்வி. சங்கு ஊதுது. நீங்க இந்தக் கூடத்துல தனியா நிக்கிறீங்க. முதல்ல எதைத் தூக்கி வைப்பீங்க? அம்மா, நீங்க சொல்லுங்க.”

“என் பெட்டியை. அதுதானே தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறது.”

“எர்மீனியோ?”

“பெட்டியைத்தான் மேடம். அதை அங்க வெச்சதே நான்தான். தண்ணி அந்தக் கதவு வழியாத்தானே வரும்?”

“கொர்ராதோ, நீ?”

“பெட்டியைத்தான். அப்புறம்தான் மத்ததெல்லாம்.”

பால்தஸாரே பொறுக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். சொந்த வீட்டைப் பற்றி அடுத்தவன் தப்பாகப் பேசினால் எந்தக் கிழவருக்கும் சும்மா இருக்க முடியாது.

“பெட்டிக்கு ஒண்ணும் ஆகாதுப்பா! அந்தப் பக்கத்தை எங்க அப்பா காலத்துலயே ஒரு சாண் உசத்திச் சரிவாக் கட்டியாச்சு. இந்த வீட்ல தண்ணி வாசல் வழியா வராது. படிக்கு அடியில பழைய சாக்கடை இருக்கு, அது வழியாத்தான் பொங்கும். முதல்ல நனையறது அந்த மூலைதான்.”

எல்விரா கொர்ராதோவுக்குத் தலையசைத்தாள். அவன் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்தான். தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு பெட்டியை விட்டு விலகி, மேஜைக் கால்களைச் சுற்றி, வழி தெரிந்த பசுமாடுபோல நேரே மாடிப்படி மூலைக்குப் போய்ப் பெஞ்சுக்கடியில் தேங்கியது.

“கண்ணால பாத்தா இந்தச் சரிவு தெரியாது,” என்றாள் எல்விரா. “காலைல நானே இங்க ஒரு மணி நேரம் நின்னேன், எனக்குத் தெரியல. சங்கு ஊதினப்புறம், தண்ணி வர்றதுக்கு முன்னால, யாரோ ஒருத்தர் இங்க நின்னு கம்பளத்தையும் விரிப்பையும் தூக்கி வெச்சிருக்காங்க. வெளியூர்க்காரனா இருந்தா எதையும் தொட்டிருக்க மாட்டான். வேற வீட்டு வெனிஸ்காரனா இருந்தா முதல்ல பெட்டியைத் தூக்கியிருப்பான். மூலையை மட்டும் காப்பாத்திட்டுப் பெட்டியை அப்படியே விட்டவர், இந்தத் தரையில தண்ணி ஏறி எறங்கினதை ஆயுசு பூரா பாத்தவர். எர்மீனியோவுக்குத் தெரியல, இப்பத்தான் சொன்னான். திரிதா வந்து மூணு வாரம். அதுக்குள்ள கடல் ஏறினது இன்னிக்குத்தான். அந்தப் பொண்ணுக்குச் சங்கு எதுக்குன்னே தெரியாது.”

பால்தஸாரேயின் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது; இறக்கி வைக்க இடம் தெரியாததுபோல.

“நீங்க ராத்திரி திரெவீசோவுல இல்ல சிஞ்ஞோர் ஒரியானி. கடைசி ரயில்ல திரும்பி வந்தீங்க. படத்தை எடுத்தீங்க. கிளம்பும்போது சங்கு ஊதிச்சு. கை சும்மா இருக்கல. முதல் ரயில்ல திரும்பிப் போய், பத்து மணிக்குப் போனை எடுத்தீங்க. பன்னெண்டு மணிக்கு உள்ள வந்தப்போ, தண்ணி எவ்வளவு வந்துச்சுன்னு கேக்கவே இல்ல. மூலையில எதுவும் நனைஞ்சிருக்காதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே.”

“என் மகளுக்கு எதுவும் தெரியாது,” என்றார் பால்தஸாரே. “அவ வீட்டுப் பரண்மேல வெச்சிருக்கேன். மகளைத் தொந்தரவு பண்ணாதீங்க.”

“ஐயா, ஏன்?” என்றார் அம்மையார். “வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனே.”

“சொல்ல வாய் வரல. பணம் கூரைக்குப் போயாச்சு. கட்டிலுக்கு எதுத்தாப்புல நீலக்காரி இருந்த இடம் சுவர்ல வெள்ளையா தெரிஞ்சுது. ஜினெவ்ரா ரெண்டாவது தடவை செத்த மாதிரி இருந்துச்சு.” அவர் எல்விராவிடம் திரும்பினார். “உனக்குத் தெரியும் எல்விரா. நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் இது புரியும். யாருக்கும் நஷ்டமில்ல பாரு. அம்மாவுக்குக் காப்பீடு வரும். கம்பெனிக்கு இது தூசு.”

“திரிதா?”

“அந்தப் பொண்ணா? ஊருக்கு அனுப்புவாங்க. அவளுக்கு அங்க மனுஷா இருப்பாங்க இல்ல?”

எல்விரா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். துக்கம் ஒரு மனிதனை இப்படியும் ஆக்கும். தன் சுவரில் ஒரு வெள்ளைக் கட்டம் பொறுக்காது. அடுத்தவள் பிள்ளையோடு கடலைத் தாண்டிப் போவது கண்ணிலேயே படாது. கொர்ராதோவிடம் கையைக் காட்டினாள். அவன் கிழவரின் கோட்டை எடுத்துக் கொடுத்து, மரியாதையாகவே கூட்டிப் போனான்.

எர்மீனியோ பின்னால் ஓடிவந்தான். “மேடம், இப்பத்தான் ஞாபகம் வருது. அந்தப் பேப்பரை நான்தான் கொடுத்தேன்.”

“நல்ல ஞாபகம்,” என்றாள். “எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. நாளைக்குச் சொல்லி அனுப்பறேன்.”

ஐந்து மணிக்கு எல்விரா நிலையத்தில் அறைக்கதவைத் திறந்து, நீ போகலாம் என்றாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். திரிதா எழுந்திருக்கவில்லை.

“அப்ப ஐயா ஜெயிலுக்கா?”

“வயசானவர். வீட்டுக் காவலா இருக்கும். மாளிகையைப் பூட்டிடுவாங்க.”

“அப்ப நான் இங்க தங்கற அனுமதிச் சீட்டுக்கு யாரு கையெழுத்துப் போடுவா? வேலை குடுக்கறவங்க போடணும். மாசக் கடைசிக்குள்ள போடலேன்னா எங்க ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க. நான் திருடலேன்னு சொல்றீங்க. அப்புறமும் அதே கப்பல்தானா?”

எல்விரா இதை யோசிக்கவே இல்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தவள், கம்பளத்தையும் பெட்டியையும் தண்ணீரையும் யோசித்தாள்.

“பொண்ணு எங்க இருக்கா?”

“ஜூதெக்கா தீவுல, கன்னியாஸ்திரிங்ககிட்ட.”

“எழுந்திரு. போய்க் கூட்டிட்டு வருவோம். என் வீட்ல இடம் இருக்கு. கையெழுத்து நான் போடறேன்.”

திரிதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் நன்றி என்று எதுவும் இல்லை.

“காலைல நான் உங்க முன்னால அழுதேன். நீங்க கைக்கடிகாரத்தைப் பாத்தீங்க.”

“பாத்தேன்.”

“இப்ப மட்டும் எதுக்கு?”

எல்விராவுக்குக் காது மடல் வரை சுட்டது. அது வெட்கம் என்று அடையாளம் தெரியவே அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. வலித்தது. ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக ஏதோ ஒன்று வலித்தது.

“அதை எனக்குச் சொல்லத் தெரியல,” என்றாள். “நட, படகு போயிடும்.”